ஓய்வு நேரம் யாருக்கு?

'இல்லத்தரசிகளே, ஓய்வு நேரத்தில் சம்பாதியுங்கள்' என்று எழுதிய தட்டி ஒன்று நாகர்கோவிலில் ஏதாவது ஒரு மின்கம்பத்தில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். தையல், ஆரி வேலை, குரோஷே, வெட்டுத்துணிகளை ஒட்டுப் போட்டுத் தைக்கும் விரிப்பு, எது வேண்டுமானாலும் ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளலாமாம். அந்த ஆறு வாரத்தை நான் பொருட்படுத்தவில்லை. விளம்பரம் என்றால் நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்வார்கள். எனக்குக் கோபம் வருவது 'ஓய்வு நேரம்' என்ற இரண்டு சொற்களைக் கண்டுதான். ஏறக்குறைய இருநூறு வருஷமாக இந்தப் பக்கத்துப் பெண்களின் கூலியைப் பாதியாகவும் காலாகவும் அரிந்துகொண்டு வருகிற கத்தி அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கத்தியால் மிகவும் வெட்டுப்பட்டவர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிற பெண் என்று நினைப்போம். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஊர் ஊராகப் போய் அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். தோளில் ஒரு பை, கையில் துணி சுற்றிய மரச்சட்டம், இடுக்கில் ஒரு குடை. அண்ணா பஸ் நிலையத்திலோ தக்கலையிலோ திங்கள்சந்தையிலோ நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ கல்யாண வீட்டுக்குச் சாமான் கொண்டுபோகிறவர் என்று நினைத்து நகர்ந்திருப்பீர்கள்.

எனக்கு அப்படி ஒருவரைப் பத்து வருஷமாகத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர். கல்குளம் பக்கத்து மனுஷி. என்னைத் 'தம்பி' என்பார். நான் 'டீச்சர்' என்பேன். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. கூப்பிடுவது மட்டும்தான் டீச்சர், கொடுப்பதெல்லாம் கூலியிலும் குறைந்த கூலி.

அவருடைய ஒரு வாரத்தைச் சொல்கிறேன். திங்கட்கிழமை குலசேகரம் தாண்டி ஒரு ரப்பர்க்காட்டு ஊர். பால் வெட்டும் பெண்கள் விடியுமுன் போய், பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, குளித்துச் சோறு பொங்கி வைத்த பிறகுதான் வகுப்புக்கு வர முடியும். ஆகவே வகுப்பு மத்தியானத்துக்கு மேலே. செவ்வாய்க்கிழமை மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே மீன் கரைக்கு வருகிற நேரமும் சந்தை நேரமும் போகத்தான் வகுப்பு. வள்ளம் வந்துவிட்டது என்று யாராவது கத்தினால் பாதித் தையலில் வகுப்பு கலைந்துவிடும். புதன்கிழமை திட்டுவிளைக்கு அப்பால், வயலும் மலையும் சேர்கிற இடம். நடவும் அறுப்பும் வந்தால் அங்கே மாணவியர் தொகை இரண்டு, மூன்று. வியாழன் மார்த்தாண்டத்துக்கு மேற்கே. அங்கே முந்திரி ஆலை மணிதான் பள்ளிக்கூட மணி. வெள்ளி தோவாளை. பூக்கட்டுகிற கைகள் அவை, ஊசியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன என்று டீச்சருக்கு அந்த ஊரின்மேல் தனிப் பிரியம்.

நாஞ்சில் நாடு என்றால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான், கல்குளமும் விளவங்கோடும் அதில் சேராது என்று என்னோடு தகராறுக்கு வரும் நண்பர்கள் இரண்டு பேர் உண்டு. வாஸ்தவம்தான். ஆனால் டீச்சரின் பை நாலு தாலுகாவும் சுற்றுகிறது. அவருடைய பையை வைத்து எல்லை வகுத்தால் சரித்திர ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, இந்த ஐந்து ஊரிலும் யாருக்கும் ஓய்வு நேரம் என்று ஒன்று கிடையாது என்பது. ரப்பர் பாலுக்கும் சோற்றுக்கும் நடுவில் பிய்த்தெடுத்த இரண்டு மணி நேரம் அது. தூக்கத்திலிருந்து எடுத்தது, இல்லாவிட்டால் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு எடுத்தது. அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவன் ஒருநாளும் அடுப்பு ஊதியிருக்கமாட்டான். இவர்கள் பிய்த்தெடுக்கும் இரண்டு மணி நேரத்துக்குத் தம் பொழுதை வளைத்துக்கொள்வதால் டீச்சருக்கு நாள் முழுவதும் போய்விடுகிறது.

ஒருநாள் கணக்கை அவரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் போனது காலை வகுப்புள்ள ஓர் ஊர்.

"எட்டேகாலுக்கு வீட்ட பூட்டிட்டு எறங்கினேன் தம்பி. ரெண்டு பஸ் மாறணும். பத்தரைக்குத்தான் பிள்ளைக வந்து சேர்ந்தது. பன்னெண்டரைக்கு முடிஞ்சுது. திரும்ப வண்டி ஒண்ணரைக்குத்தான். வீட்டுல வந்து கால வச்சப்போ மணி மூணு."

"எவ்வளவு கொடுத்தார்கள்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு முந்நூறு ரூவா. அது எப்பவும் உள்ளதுதான்."

முந்நூறு ரூபாய் இரண்டு மணி நேரத்துக்கு என்றால் கேட்க மோசமில்லை. எட்டேகாலிலிருந்து மூன்று வரை ஆறே முக்கால் மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு நாற்பத்தைந்து ரூபாய்கூட இல்லை. இதில் மாதிரிக்கு வெட்டிக்கொடுத்த துணியும், ஒரு பிள்ளை ஒடித்துவிட்ட ஆரி ஊசியும் அவருடைய கைக்காசு. 2025 ஏப்ரலில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். மண்வெட்டி பிடிப்பவருக்கு அது அதிகம் என்று நான் சொல்லவரவில்லை, அதுவே போதாது. முப்பது வருஷம் கையையும் கண்ணையும் கொடுத்துக் கற்ற வித்தைக்கு அந்தப் போதாத கூலியும் எட்டவில்லை என்பதுதான் சங்கதி.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம். எத்தனையோ பெண்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்த காரியம். எங்கள் டீச்சருக்கு அதனால் என்ன நடந்தது தெரியுமா? அதுவரை வகுப்புப் பணத்தோடு பஸ் காசு என்று ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுத்துவந்த குழுக்கள், 'பஸ்தான் இலவசமாகிவிட்டதே' என்று அதை நிறுத்திவிட்டன. இலவச வண்டி எல்லா வழிக்கும் இல்லை. அது வரும்வரை காத்து நிற்கும் நேரத்தைச் சர்க்கார் கொடுக்கவும் முடியாது. அவசரத்துக்கு வேறு வண்டியில் ஏறினால் டிக்கெட் அவர் கையிலிருந்து. சர்க்கார் பெண்ணுக்குக் கொடுத்ததை ஊர் எடுத்துக்கொண்டது. இதைச் செய்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

வழியில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று பேனாவும் காகிதமுமாகக் கேட்டேன். அவர் முதலில் சொன்னது தண்ணீரைப் பற்றி. காலையில் ஒரு டம்ளருக்குமேல் குடிப்பதில்லை. ஏன் என்று விளக்கவேண்டுமா? ஆண்கள் சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும் நாட்டில் ஒரு பெண் ஆறு மணி நேரம் வெளியே இருந்தால் தாகத்தை அடக்குவதும் தொழிலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அடுத்தபடி மழை. நம் ஜில்லாவுக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெள்ளை நூலில் ஒரு பொட்டு சேறு பட்டால் போச்சு. ஆகவே குடை அவருக்கல்ல, பைக்கு. அப்புறம் மரச்சட்டம். நெரிசலில் அதன் மூலை யார் முதுகிலாவது குத்தாமல் வருவதற்குத் தனியாக ஓர் அப்பியாசம் வேண்டும். "சட்டத்துக்கும் ஒரு டிக்கெட் எடு" என்று வைத நடத்துநர்களும் உண்டு, "டீச்சர் இங்கே வையுங்க" என்று தன் இருக்கைக்குப் பின்னால் இடம் காட்டியவர்களும் உண்டு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஆனாலும் எனக்கு வீட்டுல இருக்க முடியாது தம்பி. ரோட்டுல எறங்குனாத்தான் எனக்க மனசு நேராகும்" என்றார்.

இதைத்தான் எதிர்க்கட்சிக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 'அவரே ஆசைப்பட்டுத்தானே போகிறார்? நாலு ஊர் பார்க்கிறார், நாலு பேரோடு பேசுகிறார், பொழுது போகிறது. வீட்டில் அடைந்து கிடப்பதைவிட நல்லதல்லவா?' என்னிடம் இப்படிச் சொன்னவர் படித்தவர், பெண் கல்வியைப் பற்றி மேடையில் பேசுகிறவர். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். எனக்கும் கதை எழுதப் பிடித்திருக்கிறது. இலக்கியக் கூட்டங்களில் பேசப் பிடித்திருக்கிறது. யாராவது அழைத்தால் வீட்டு வாசலுக்குக் கார் வருகிறது. போன இடத்தில் சாப்பாடு, தங்க அறை, பேசி முடித்ததும் ஒரு பொன்னாடை, உறையில் ஒரு சன்மானம். நான் பேசியது நாற்பது நிமிஷம். அதைக் கேட்டு யாருக்காவது ஒரு காசு வருமானம் கூடியதாக எனக்குச் செய்தி இல்லை. 'உனக்குப் பேசப் பிடிக்கும்தானே, பஸ்ஸில் வந்துவிட்டுப் போ' என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பாகவதரிடம் சொல்வார்களா? பட்டிமன்றத்து நடுவரிடம் சொல்லிப் பார்க்கட்டுமே!

அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கிற பெண்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். அங்கே போர்வை தைப்பவர்களுக்கென்று ஊருக்கு ஊர் சங்கங்கள். அழைக்கிற சங்கம் வகுப்புக்குக் கட்டணம், வழிச் செலவு, தங்கும் செலவு மூன்றையும் தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் எழுதிக்கொள்வது அங்கே சாதாரண வழக்கம். அவர்கள் பணக்காரர்கள், அவர்களோடு நமக்கென்ன என்று சொல்லலாம். தொகையைப் பற்றி அல்ல நான் பேசுவது. வழியும் வேலைதான் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளப் பணம் வேண்டியதில்லை. நம் வீட்டுப் பாட்டிமாரும் பழைய வேட்டியையும் புடவையையும் நாலு மடிப்பாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு விரித்தவர்கள்தான். வித்தை ஒன்று. அங்கே அதற்கு ஒப்பந்தம், இங்கே அதற்குப் பொழுதுபோக்கு என்ற பட்டம்.

'இந்தக் காலத்தில் யூடியூப் இருக்கிறதே, இவர் எதற்குப் பஸ் ஏறவேண்டும்?' என்று இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். ஆரி வேலை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் கேட்கமாட்டார்கள். துணியை முரசுத்தோல் போல இழுத்துச் சட்டத்தில் கட்டியிருக்கும். வலது கை மேலே, கொக்கி ஊசியோடு. இடது கை சட்டத்துக்கு அடியில் நூலைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஊசி இறங்கியதும் அடியிலிருக்கிற கை நூலை ஊசியில் சுற்றிவிட வேண்டும், மேலே உள்ள கை சற்றே திருப்பி நூலை இழுத்துக்கொண்டு வரவேண்டும். திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியைக் கிழிக்கும். வித்தை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அந்த இடது கையில் இருக்கிறது. படம் பிடிப்பவன் மேலேயிருந்து பிடிக்கிறான். டீச்சர் என்ன செய்கிறார் என்றால், மாணவிக்குப் பக்கத்தில் குத்தவைத்துத் தன் கையைச் சட்டத்துக்கு அடியில் விட்டு, அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து, நூல் எவ்வளவு தளர்வாக இருக்கவேண்டும் என்று விரலுக்கு விரல் சொல்லிக்கொடுக்கிறார். அந்தக் கை குலசேகரத்துக்குப் போய்ச் சேரவேண்டுமானால் பஸ்ஸில்தான் போகவேண்டும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் பின்னால் போகவேண்டும்.

1819-ஆம் வருஷக் கடைசியில் லண்டன் மிஷன் பாதிரியார் சார்ல்ஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது இது திருவிதாங்கூர். மார்த்தா மால்ட் பெண் குழந்தைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே எழுத்தோடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன்னாலேயே போர்த்துக்கீசியர் வழியாக 'ரேந்தை' என்ற சொல் நம் கரைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை ஏழைச் சிறுமிகளின் கைக்குக் கொண்டுவந்தவர் என்று இந்த அம்மாளைத்தான் இங்கே சொல்வார்கள். குஷன் போன்ற ஒரு தலையணை, அதன்மேல் துளையிட்ட காகிதம், துளைக்குத் துளை குண்டூசி, நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். குச்சியை மாற்றி மாற்றிப் போட்டு முறுக்கினால் காற்றைப் பின்னியது போல ஒரு வலை இறங்கும். நாகர்கோவில் லேஸ் 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சி வரைக்கும் போனது. லேஸ் விற்ற பணம் பள்ளிக்கூடச் செலவுக்கு உதவியது. அடிமைச் சிறுமிகள் சிலர் அந்தக் காசிலேயே தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1855-இல். சட்டத்துக்கு முன்னாலேயே ஊசி அங்கே போய்விட்டது.

ஊசிக்கு அந்தக் காலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. குப்பாயம் என்ற தொளதொளத்த ரவிக்கை. மிஷன் வீட்டுப் பெண்மணிகள் அதை வெட்டவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். நாடார் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனபோது நடு ரோட்டில் கிழித்தார்கள், அடித்தார்கள். 1822-இலும், 1820-களின் கடைசியிலும், மறுபடி 1858-59-இலும் அந்தக் கலவரம் மூண்டது. 1859 ஜூலை 26-இல் ராஜாங்கப் பிரகடனம் வந்த பிறகும், மேல்சாதி ஸ்திரீகளைப்போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. இதை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், 'தையல் என்பது சாதுவான, வீட்டுக்குள் இருந்து செய்கிற வேலை' என்று பேசுகிறவர்கள் வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் பேசட்டும், இந்த ஜில்லாவில் நின்றுகொண்டு பேசவேண்டாம் என்பதற்காக. இங்கே ஊசி பிடித்த கை ரோட்டில் உதை வாங்கியிருக்கிறது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் 1822-இல் பிறந்தவர். தமிழ் தாய்மொழிபோலப் பேசுவார். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டுத் தெரிமணல் பூமியான இடையன்குடிக்குப் போனார். தாயிடம் கற்ற லேஸையும் கூடவே கொண்டுபோனார், அங்கே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார், லேஸ் சொல்லிக்கொடுத்தார். கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1968-இல் மெரீனாக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. சரியான மரியாதை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இலக்கணத்துக்குச் சிலை வைத்த நமக்கு ஊசிக்கு ஒரு பெயர்ப்பலகை வைக்கவும் தோன்றவில்லை.

மிஷன் செய்ததெல்லாம் அமிர்தம் என்றும் நான் சொல்லமாட்டேன். பெண்ணின் கையில் முதல் காசைக் கொடுத்தது அது, சந்தேகமில்லை. அதே சமயம், வீட்டுவேலை போக மீந்த நேரத்தில் பின்னு, நூலை நான் தருகிறேன், சாமானை நான் வாங்கிக்கொள்கிறேன் என்ற ஏற்பாட்டையும் அது விட்டுப்போயிற்று. தர்மத்துக்காக நடந்தவரை அதன் பல் தெரியவில்லை. வியாபாரி கைக்கு வந்ததும் தெரிந்தது. ஆந்திராவில் நரசாபூரிலும் லேஸ் மிஷனரிகள் வழியாக வந்ததுதான். மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அங்கே போய்ப் பெண்களோடு உட்கார்ந்து விசாரித்து 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் நாளைக்கு ஆறு மணி, எட்டு மணி பின்னுகிறார்கள், சாமான் வெளிநாட்டுக்குப் போகிறது, ஏற்றுமதி செய்கிறவர்கள் மாடி வீடு கட்டுகிறார்கள். ஆனால் எல்லாரும் அவர்களை இல்லத்தரசிகள் என்கிறார்கள், செய்வதை ஓய்வு நேர வேலை என்கிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தின் சாரம் இது. நாகர்கோவிலில் எந்தத் தெருவிலும் இதைப் படித்துக்காட்டினால், 'எங்கள் பக்கத்து வீட்டைப் பற்றி யார் எழுதினார்கள்?' என்று கேட்பார்கள்.

'காந்தியே ராட்டையை ஓய்வு நேர வேலை என்றுதானே சொன்னார்?' என்று ஒரு கதர் நண்பர் மடக்கினார். சொன்னார். ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. நூற்கிற பெண்ணுக்குக் கிடைக்கிற காலணாவையும் அரையணாவையும் கண்டு அவருக்கே பொறுக்கவில்லை. 1935-இல் அகில இந்திய சர்க்கா சங்கம், எட்டு மணி நேரச் செம்மையான உழைப்பைக் கணக்கிட்டு வயிற்றுக்கும் துணிக்கும் போதுமான கூலி கொடுக்கவேண்டும் என்று தீர்மானம் செய்தது அவருடைய பிடிவாதத்தால்தான். கதர் விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று சொந்த ஆட்களே முறையிட்டார்கள். ஏறினால் ஏறட்டும் என்றார் கிழவர். மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த வருஷம் வரைக்குமாவது படித்துவிட்டு வரலாம்.

சர்க்காரும் இதற்கு விலக்கல்ல. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். 2021-இல் அது 10,000 ஆயிற்று. அரை நாள் என்று ஆணையில் எழுதிவிடலாம். அரைநாள் வேலைக்கு அரைத் தூரமா போகிறார்கள்? பள்ளிக்கூடம் இருபது மைல் என்றால் இருபது மைல்தான். மீதி அரை நாளில் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும் என்பது காகிதத்தில் வெகு சுலபம்.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிக் கொளச்சலும் மணக்குடியும் அழிந்த பிறகு, நம் கடற்கரைக்குத் தையல் மெஷின்கள் வந்தன. எங்கெங்கிருந்தோ நல்லவர்கள் அனுப்பினார்கள். பூப்போட்டு, பொட்டு வைத்து, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். டீச்சர் அப்போது மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்வந்தார். "மூணு மாசத்துல பாவாடை தைக்கப் படிச்சினும். ஜம்பருக்குக் கை வச்சுத் தைக்க வரதுக்குள்ள காலம் முடிஞ்சு போச்சு. பெறவு போனா, மெஷினுக்க மேல துணி மடக்கி வச்சிருக்கு" என்றார். மெஷினுக்குப் பணம் ஒதுக்கியவர்களுக்கு, மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷி ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று தோன்றவில்லை. மெஷினைப் போட்டோ எடுக்கலாம். பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைப் போட்டோ எடுத்து யாருக்கு அனுப்புவது?

எங்கள் ஜாதியான கதாசிரியர்களையும் விடுவதற்கில்லை. தமிழ்க் கதையில் தையல் மெஷின் வந்துவிட்டால் புருஷன் செத்துப்போனான் அல்லது ஓடிப்போனான் என்று அர்த்தம். சினிமாவிலும் அதேதான். தம்பியைப் படிக்கவைக்க அக்கா ராத்திரி முழுவதும் மிதித்துக்கொண்டிருப்பாள், பின்னால் வயலின் அழும். அந்தக் கதைகளைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட வாசகர்களே, தையல் ஒரு துக்கச் சின்னம் என்று உங்கள் மனத்தில் பதியவைத்துவிட்டோம். துக்கத்துக்கு அனுதாபம் காட்டினால் போதும், கூலி கொடுக்கவேண்டியதில்லை அல்லவா! எங்கள் டீச்சருக்குப் புருஷன் இருக்கிறார், நல்ல மனுஷன், சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு வந்து பையை வாங்கிக்கொள்கிறார். இந்த ஒரு விஷயத்தால் அவர் எந்தக் கதைக்கும் லாயக்கில்லாமல் போய்விட்டார்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. வீட்டு வாசற்படியை விட்டு இறங்கியது முதல் திரும்ப ஏறுவது வரைக்கும் உள்ள நேரத்துக்குக் கணக்குப் பார்த்துக் கூலி கொடுங்கள். நூலும் துணியும் வகுப்பின் செலவு, டீச்சரின் செலவு அல்ல. குழுவின் பதிவேட்டில் 'பயிற்சியாளர் ஒருவர்' என்று எழுதாமல் அவர் பெயரைப் போட்டு ஆசிரியை என்று எழுதுங்கள்.

ஏழைப் பெண்களின் குழுவுக்கு அவ்வளவு பணம் ஏது என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஒரு நிறைவு விழாவுக்குப் போனேன். ஊர் பெயரைச் சொல்லமாட்டேன். வாசலில் பத்தடி பிளெக்ஸ், அதில் பதினோரு ஆண்களின் முகம். மைக் செட், நாற்காலி வாடகை, ஆறு பேருக்குச் சால்வை, எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம். சிறப்பு விருந்தினர் பெண்கள் ஓய்வு நேரத்தை வீணாக்கக்கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினார். அவர் பேசி முடிக்கும் வரை அத்தனை பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பின்வரிசையில் நின்றார். மேடையில் விருந்தினருக்குப் போட்ட சால்வையின் ஓரத்தை அங்கிருந்தே பார்த்துவிட்டு, "மெஷின் தையல், ரெண்டு தண்ணிக்குப் பிரிஞ்சிரும்" என்று என் காதில் சொன்னார். அந்தப் பிளெக்ஸின் விலையை மட்டும் பிறகு விசாரித்தேன். ஆறு வகுப்புக்குப் போதும்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துச் செவ்வாய்க்கிழமைக் குழு இதை வேறு விதமாகச் செய்துபார்த்திருக்கிறது. பதினைந்து பெண்கள், வாரத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் போட்டு நூற்றைம்பது ரூபாய் சேர்க்கிறார்கள். பொருளாளராக இருக்கிற மீன்காரப் பெண்மணிக்கு இதில் சந்தேகமே வரவில்லையாம். "மீனுக்க விலையில வண்டிக்கூலியும் சேத்துதானே நான் வாங்குதேன்" என்றாராம். நோட்டில் 'டீச்சர் வழிக்கூலி' என்று தனியாக ஒரு கலம் போட்டு எழுதிவருகிறார்கள். வருஷக் கணக்குப் பார்க்க வந்தவர் அந்தக் கலத்தைச் சிவப்பு மையால் சுழித்து, இப்படி ஓர் இனம் படிவத்தில் இல்லை, விளக்கம் தரவும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என்ன விளக்கம் எழுதலாம் என்று கேட்டு நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நான் யோசித்து அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது நீளம் என்று வைத்துவிட்டுத் தாங்களே ஒரு வரி எழுதிக்கொண்டார்களாம்: 'டீச்சர் ரோடு வழியாக வருகிறார்.' கணக்கர் இன்னும் பதில் போடவில்லை. வழிக்கூலி வாராவாரம் போய்க்கொண்டிருக்கிறது.